காற்றுக் குழாயில் மூன்று தட்டல்

எங்கள் பக்கத்தில் பழைய சுரங்கங்களுக்குள் போகிறவர்கள் யாரும் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதில்லை. முன் டயருக்கு மேலே வைத்துவிட்டுத்தான் போவோம். உள்ளே போனவன் வெளியே வராமல் போய்விட்டால், தேடி வருகிறவனுக்காவது வண்டி உதவட்டும் என்றுதான். நெவாடாவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. உங்கள் அப்பாவும் அப்படித்தான் வைப்பார், நான் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர். என்னிடம் வாங்கிப்போன கயிற்றைக் கடைசி வரை திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ரெமி எச்சேவெரி எங்கே என்று கேட்டீர்கள், ஷெரிஃப். அதைத்தான் சொல்ல வருகிறேன். வக்கீல் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். உண்மையைப் பேசுகிறவனுக்கு வக்கீல் எதற்கு?

எனக்கும் ரெமிக்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. நான் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தேன். அவன் பண்ணைகளில் காற்றாலைப் பம்பு பழுது பார்க்கிறவன். சனி, ஞாயிறு வந்தால் இருவரும் மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம். வெள்ளியோ தங்கமோ தேடி அல்ல. யாரோ நூறு வருடத்துக்கு முன்னால் தோண்டி, விட்டுப் போன இருட்டுக்குள் நடந்து பார்ப்பதில் ஒரு சுகம். புரிகிறவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் எங்களைப் பைத்தியம் என்பார்கள். ரெமியின் மனைவி மைட்டேவும் அப்படித்தான் சொல்வாள், ஆனால் சொல்லிக்கொண்டே சாண்ட்விச் கட்டிக் கொடுப்பாள்.

இந்த வேலையில் மீறக் கூடாதது ஒன்றுதான். போவதற்கு முன் ஒருவனிடம், ஒரே ஒருவனிடம், எந்தச் சுரங்கம் என்று சொல்ல வேண்டும். எப்போது திரும்புவேன் என்றும் சொல்ல வேண்டும். அந்த நேரம் தாண்டினால் அவன் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்வான். மனைவியிடம் பொய் சொல்லலாம், பாதிரியாரிடம் சொல்லலாம், வரி அதிகாரியிடம் சொல்லலாம். அந்த ஒருவனிடம் மட்டும் இடத்தை மாற்றிச் சொல்லவே கூடாது. ஏனென்றால் உயிர் அங்கேதான் இருக்கிறது. நான் ரெமியிடம் சொல்வேன், ரெமி என்னிடம் சொல்வான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட மாறியதில்லை.

நாங்கள் 'கூடம்' என்று பேர் வைத்த சுரங்கம் ஒன்று உண்டு. வரைபடத்தில் கிடையாது. காய்ந்த ஓடை ஒன்றின் வளைவில், ஜூனிபர் மரங்களுக்குப் பின்னால் அதன் வாய் இருக்கிறது. நான்தான் கண்டுபிடித்தேன். ரெமி இதைக் கேட்டால் அவன்தான் என்பான். வாயிலிருந்து உள்ளே நேராக நடந்தால் ஒரு குழி வரும். அதில் மர ஏணி வழியாக இறங்கினால், கீழே பாறையைக் குடைந்து செய்த அறை. அந்தக் காலத்துத் தொழிலாளிகள் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். நீள மேசை, இரண்டு பெஞ்சு, எனாமல் குவளைகள், மூடி போட்ட தகரச் சாப்பாட்டு வாளிகள். சுவரில் ஓர் ஆணியில் ஒரு கித்தான் கோட்டு, அதன் பையில் புகையிலைச் சுருள். மணியடித்ததும் எழுந்து போனவர்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்பது போல எல்லாம் அப்படியே இருந்தது.

முதல் நாள் அங்கே நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. ரெமி வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்தது அன்றுதான். மேலே வந்ததும் கை கொடுத்துக்கொண்டோம். ஒரு குவளையைக்கூட நகர்த்துவதில்லை, மூன்றாவது ஆளுக்குச் சொல்வதில்லை என்று பேச்சு. அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது போவோம். பெஞ்சில்கூட உட்கார விடமாட்டேன். தூசியில் அந்தப் பழைய ஆட்களின் கைத்தடம் இருந்தது. ரெமி என்னைப் 'பாதிரியார்' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். "பாதிரியாரே, தும்மல் வருது, தும்மலாமா, இல்ல மேல போய்த் தும்மிட்டு வரட்டுமா?" என்று கேட்பான். நான் மேலே போகச் சொல்வேன்.

அந்தச் சுரங்கத்தில் வாயிலிருந்து அடித்தளம் வரை பழைய இரும்புக் குழாய் ஒன்று ஓடுகிறது. பாறை துளைக்கும் கருவிக்குக் காற்று அனுப்பிய குழாய். கல்லால் தட்டினால் சத்தம் கீழே வரைக்கும் தெளிவாகப் போகும். ஒருவன் மேலே, ஒருவன் கீழே இருக்கும்போது அதில்தான் பேசிக்கொள்வோம். மூன்று தட்டினால், நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் ஆபத்து, உடனே வா. வேறு எதுவும் கிடையாது. இரண்டே சொல் உள்ள பாஷை, அதனால் குழப்பமே வராது.

போன வசந்தத்தில் அந்த ஏணியின் படி ஒன்று என் காலடியில் உடைந்தது. முழங்கால் போயிற்று. ரெமிதான் என்னைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தான், வண்டி வரை முதுகில் தூக்கி வந்தான். அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னேன். அதற்குப் பிறகு அவன் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்தான். இனி கூடத்துக்குப் போகக் கூடாதாம். வயதாகிவிட்டதாம். ஒரு நாள் ரெமியின் ஆட்களான பாஸ்குக்காரர்கள் நடத்தும் விடுதியில், எல்லோரும் சேர்ந்து உட்காரும் அந்த நீள மேசையில், ஆட்டுக்கறிக் குழம்பைப் பரிமாறிக்கொண்டே சொன்னான். "டெல், நீ தனியா போயிடுவடா. எனக்குத் தெரியும். நீ அங்க செத்துக் கெடந்தா எவன்டா உன்னைத் தூக்குறது? எனக்கு முதுகு போச்சு." நான் சிரித்தேன். ரொட்டியை எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றினேன்.

தனியாகத்தான் போனேன். கோடையில், முழங்கால் கொஞ்சம் மடங்க ஆரம்பித்ததும். உள்ளே இறங்குவதற்காக அல்ல, வாயைப் பார்த்துவிட்டு வரலாம் என்று.

வாயின் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிற நாடா கட்டியிருந்தது. பக்கத்தில் எண் போட்ட ஒரு முளை. இந்த மலைகளில் அது என்னவென்று உங்களுக்கே தெரியும். ஆபத்தான குழிகளை மூடுகிற அரசாங்க ஆட்களின் அடையாளம். யாராவது இடத்தைக் காட்டினால்தான் அவர்கள் வருவார்கள். அந்த இடம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவன் அங்கே ஜூனிபர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

  நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். நான் பெற்ற பிள்ளை போலப் பார்த்த இடம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பின்பக்கமாகப் போய், யாரோ ஒரு குமாஸ்தாவிடம் கை காட்டிவிட்டு வந்திருக்கிறான்.

ஆனாலும் நான் அவனிடம் சண்டைக்குப் போகவில்லை. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கோடை முழுவதும் காத்திருந்தேன். ஒவ்வொரு வியாழனும் அதே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் பம்பைப் பற்றிப் பேசினான், பேஸ்பாலைப் பற்றிப் பேசினான், மைட்டேவின் தம்பி வாங்கிய நொண்டிக் குதிரையைப் பற்றிப் பேசினான். கூடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒருவன் உங்கள் தட்டில் கறி எடுத்துப் போட்டுக்கொண்டே உங்களை ஏமாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமல் இருப்பது நல்லது.

செப்டம்பரில் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தான். காலையில் கிளம்பி பிளாக் மேர் சுரங்கத்துக்குப் போவதாகச் சொன்னான். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"அந்த முழங்காலை வெச்சிக்கிட்டா? வீட்ல உக்காந்து மேட்ச் பாருடா பாதிரியாரே. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள நான் போன் பண்ணலைன்னா ஷெரிஃபுக்குச் சொல்லிடு."

"எந்தச் சுரங்கம்னு இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.

"பிளாக் மேர். காது வேற போச்சா உனக்கு?"

பாருங்கள், நான் அவனுக்கு இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தேன். பிளாக் மேரை அவன் வெறுப்பவன். கெட்ட காற்றும் எலிப் புழுக்கையும் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று திட்டுவான். அப்போதே தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, மீறவே கூடாத அந்த ஒரு விஷயத்தில், என்னிடம் இடத்தை மாற்றிச் சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வரவில்லை. உடனே உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் பிந்தவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரெமி எச்சேவெரி பிளாக் மேருக்குப் போவதாக என்னிடம் சொன்னான், திரும்பவில்லை என்றேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவன் வண்டி பிளாக் மேர் வாசலில் நின்றதால் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கயிறு கட்டி இறங்கினீர்கள். கெட்ட காற்று என்று மீட்டர் கத்தியதும் மேலே வந்தீர்கள், மறுபடி இறங்கினீர்கள். கூட்டி வந்த நாய் மட்டும் உள்ளே போக மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தது. மைட்டே மடக்கு நாற்காலி போட்டு சுரங்க வாய்க்கு நேராக உட்கார்ந்திருந்தாள். குளிர ஆரம்பித்ததும் என் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டேன். எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தது நான்தான். ஒரு வாரம் போனதும் நீங்கள் தேடுவதை நிறுத்தினீர்கள். உள்ளே ஆழத்தில் எங்கோ இடிபாட்டுக்கு அடியில் இருப்பான் என்றீர்கள். மைட்டே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கே கண் கலங்கியது.

வண்டி எப்படி அங்கே வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? நான்தான் ஓட்டி வந்தேன். சாவி டயருக்கு மேலே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்துக்குப் போனேன். அவன் வண்டி ஜூனிபர் மரத்தடியில் நின்றிருந்தது. எனக்கு ஆச்சரியமே இல்லை. பின்னால் ஏறிப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளில் பழைய துணி சுற்றி எனாமல் குவளைகள், தகர வாளிகள். மேலே அந்தக் கித்தான் கோட்டு, மடித்து வைத்திருந்தது. மடித்து. அத்தனை வருடம் ஆணியில் தூசி படிந்து எப்படித் தொங்கியதோ அப்படியே இருக்க வேண்டிய கோட்டு. அரசாங்கத்துக்குக் காட்டிக் கொடுத்தது போதாதென்று, மூடுவதற்குள் சுரண்டிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பிளாக் மேர் அதே மலையின் மறுபக்கம்தான். பெட்டிகளை என் வண்டிக்கு மாற்றினேன். அவன் வண்டியை மலையைச் சுற்றி ஓட்டிப்போய், அவன் போவதாகச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். சாவியை டயருக்கு மேலே வைத்தேன். பிறகு மலையைத் தாண்டி நடந்து என் வண்டிக்கு வந்தேன். அந்த முழங்காலோடு நடந்தது சுலபமில்லை. என் நண்பன் என்னிடம் சொன்ன வார்த்தையை நான் உண்மையாக்கி வைத்தேன். தப்பு என்றால் அவன் வார்த்தையில்தான் தப்பு.

அந்தப் பொருள்களை விற்கவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. என் வீட்டுப் பின்னறையில் மேசை போட்டு, அங்கே எப்படி இருந்தனவோ அப்படியே அடுக்கி வைத்தேன். கோட்டுக்குச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். அங்கேதான் பிசகிவிட்டேன் என்று நினைக்கிறேன். திருடனாக இருந்திருந்தால் மறைத்திருப்பேன். திருடன் இல்லை என்பதால்தான் கதவைக்கூடச் சாத்தவில்லை.

போன வாரம் மைட்டே வந்தாள். தேடலில் கூடவே இருந்ததற்கு நன்றி சொல்ல ஒரு பாத்திரம் நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுவந்தாள். சமையலறையில் வைக்கப் போனவள், பின்னறை வாசலில் நின்றுவிட்டாள். வெகு நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பட்டால் என்ன, இதெல்லாம் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றுதான் நான் நினைத்தேன்.

"அந்தக் கோட்டுக்கு எங்க கொட்டகையிலயும் ஒரு ஆணி இருக்கு, டெல்மர்," என்றாள். "ரெமி அளந்து அடிச்சாரு. தரையிலேர்ந்து எவ்வளவு உயரம், மேசையிலேர்ந்து எவ்வளவு தூரம்னு. நான்தான் டேப்பைப் பிடிச்சேன்."

நான் கோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க விழுந்த அன்னிக்கு ராத்திரி அவரு தூங்கவே இல்ல. இனிமே நீங்க அங்க இறங்கினா செத்துடுவீங்கன்னு அழுதாரு. சுரங்க வாயை மூடச் சொல்லிட்டு, உள்ள இருக்கறதை எல்லாம் கொண்டுவந்து, உங்க பிறந்த நாளுக்குக் கொட்டகையில அப்படியே வெச்சுக் காட்டணும்னாரு. போட்டோ எடுத்து எடுத்துச் சுவர்ல ஒட்டி வெச்சிருக்காரு. பாதிரியாருக்கு வீட்டுப் பக்கத்துலயே ஒரு கோயில்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

பாத்திரத்தை மேசையில் வைத்தாள். மூடியைச் சரியாக மூடினாள். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். குழம்பு அப்படியே குளிர்ப்பெட்டியில் இருக்கிறது, பாத்திரத்தை அவளிடம் சேர்த்துவிடுங்கள்.

அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். அன்று முழுக்க உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நல்ல எண்ணம் என்றால் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் அல்லவா? கொட்டகையில் வைத்தால் அது கூடமா? ஒரு குவளையைக்கூட நகர்த்துவதில்லை என்று கை கொடுத்தவன் அவன். அத்தனை நாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறைத்தவன் அவன். அன்பினால் மறைத்தாலும் மறைத்தது மறைத்ததுதான்.

சனிக்கிழமை அவன் உயிரோடு உள்ளே இருந்தது எனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். பதில் சொல்லாமல் இருப்பது என் வழக்கமில்லை. சொல்கிறேன்.

பெட்டிகளைப் பார்த்த பிறகு சுரங்க வாய்க்குள் கொஞ்ச தூரம் போனேன். குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது. விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகத் தட்டினானோ, தட்டல் சீராக இல்லை, நின்று நின்று வந்தது. ஏணி மறுபடி உடைந்திருக்கும். காலோ இடுப்போ போயிருக்கும். நான் குழிவரை போய்ப் பார்க்கவில்லை, அதனால் எது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு கல்லை எடுத்துக் குழாயில் மூன்று தட்டினேன்.

கீழே சத்தம் சட்டென்று நின்றது. அப்புறம் அவனும் மூன்று தட்டினான். நிதானமாக, பழைய மாதிரி. அதற்குப் பிறகு ஆபத்துத் தட்டல் வரவே இல்லை. நான் வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவனுக்கு நிம்மதி. கயிறு எடுத்து வரப் போயிருக்கிறேன் என்று நினைத்து, சத்தம் போடாமல் காத்திருக்க ஆரம்பித்திருப்பான். அவன் அப்படித்தான், ஒரு தடவை நம்பிவிட்டால் தொந்தரவு செய்ய மாட்டான். நான் வெளியே வந்து அவன் வண்டியைக் கிளப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பிளாக் மேரில் விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, காபித்தூள் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனேனே, நினைவிருக்கிறதா? கூடத்துக்குத்தான் போனேன். மூன்று தட்டினேன். கொஞ்சம் நேரம் எடுத்தது, ஆனால் மூன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறைய இடைவெளி விட்டு வந்தது. புதன்கிழமை மறுபடி போனேன். பல தடவை தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஓடை வளைவில் ஆரஞ்சு நாடா இன்னும் இருக்கிறது, இடம் தவறாது. ஏணியை நம்பாதீர்கள், உங்கள் கயிற்றைக் கொண்டுபோங்கள். அவன் அந்த அறையில்தான் இருப்பான், குழாய் அங்கேதான் முடிகிறது. அவனைத் தூக்கும்போது மேசை மேல் மிச்சமிருக்கும் குவளைகளை யாரும் நகர்த்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மைட்டேவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அவளைப் பார்க்கிற தைரியம் இல்லை.

நான் அவனை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆபத்து என்றால் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் தட்டியிருப்பான், அவன் தட்டவில்லை. நானும் உதவிக்கு வருகிறேன் என்று தட்டவில்லை, அப்படி ஒரு சொல்லே எங்கள் பாஷையில் கிடையாது. மூன்று தட்டினேன். நான் இங்கே இருக்கிறேன் என்றேன், அங்கேதான் இருந்தேன். எங்கள் இருவரில், இருக்கிற இடத்தைப் பற்றிப் பொய் சொன்னவன் அவன் ஒருவன்தான்.